மூச்சை எண்ணும் தாதியர்

(கிள்ளான் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் உறவினர் ஒருவர் கடும் நோயுற்று மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாதி ஒருவர் வருகிறார். நோயாளியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, ஒரு நிமிட நேரம் ஒன்றும் பேசாமல் நிற்கிறார். பின்னர் கட்டிலின் ஓரத்தில் தொங்கும் தாளில் ஓர் எண்ணைக் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றுவிடுகிறார். அருகில் இருக்கும் நாமோ, "வந்தார், பார்த்தார், போய்விட்டார், ஊசி போடவில்லை, மருந்தும் கொடுக்கவில்லை" என்று மனம் வருந்துகிறோம். அந்த ஒரு நிமிட நேரத்தில் அவர் செய்த வேலை என்ன என்பதை விளக்குவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

அவர் நாடியை மட்டும் பார்க்கவில்லை. நோயாளியின் மார்பு எத்தனை முறை உயர்ந்து தாழ்கிறது என்பதையும் எண்ணிக்கொண்டிருந்தார். "உன் மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால், நோயாளி தம்மை அறியாமலே மூச்சை மாற்றிவிடுவார். ஆகவேதான் நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மார்பின்மீது வைத்து எண்ணுகிறார்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். எண்ணும்போது ஒரு மூச்சு தவறினால், பெருக்கிய பின் அது நான்கு மூச்சுத் தவறாகிவிடும். கடும் நோயாளியைப் பொறுத்தவரை நான்கு மூச்சு வேற்றுமை சிறியதன்று. எனவே முழு நிமிடமும் எண்ண வேண்டுமென்று தாதியருக்குக் கற்பிக்கப்படுகிறது.

நாளொன்றுக்கு எத்தனை மூச்சு?

மூச்சை எண்ணும் வழக்கம் நமக்குப் புதியதன்று. ஒரு மனிதன் நாளொன்றுக்கு 21,600 முறை மூச்சு விடுகிறான் என்பது நம் சித்தர் மரபில் வழங்கிவரும் கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் வேயப்பட்ட பொன் ஓடுகள் இந்த எண்ணிக்கையைக் குறிப்பன என்பதும் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். 21,600-ஐ 1,440-ஆல் வகுத்தால் நிமிடத்திற்குப் பதினைந்து மூச்சு என்று விடை வருகிறது. இன்றைய மருத்துவ நூல்கள், ஓய்வாக இருக்கும் வளர்ந்த மனிதனுக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 மூச்சு வரை இயல்பானது என்று கூறுகின்றன. நம் முன்னோரின் கணக்கு இதற்குள் அடங்கிவிடுகிறது.

இங்கிலாந்தின் அரச மருத்துவர் கழகம், மருத்துவமனைகளில் நோயாளியின் நிலை சீர்கெடுவதை முன்னதாகவே அறிவதற்காக, 2012-ஆம் ஆண்டில் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டு, 2017-இல் அதனைத் திருத்தியமைத்தது. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் கூடினால் மகிழ்ச்சி; இங்கோ மதிப்பெண் கூடினால் ஆபத்து. மூச்சு 12 முதல் 20 வரை இருந்தால் பூஜ்யம். 21 முதல் 24 வரை இருந்தால் 2 மதிப்பெண். 25 அல்லது அதற்கு மேற்பட்டால் 3 மதிப்பெண். 9 முதல் 11 வரை இருந்தால் 1. எட்டும் அதற்குக் கீழும் ஆனால் மீண்டும் 3. மூச்சு மிகுந்தாலும் குறைந்தாலும் ஆபத்து உண்டு என்பதை இந்தக் கணக்கிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

மூச்சு ஏன் முதலில் வேகமெடுக்கிறது?

நிமோனியா எனப்படும் நுரையீரல் சளிக்காய்ச்சல் கண்ட ஒருவரை எடுத்துக்கொள்வோம். நுரையீரலின் ஒரு பகுதியில் நீரும் சளியும் நிறைந்துவிட்டால், அப்பகுதி பிராணவாயுவை இரத்தத்தில் சேர்க்கும் வேலையைச் செய்ய இயலாது. மிஞ்சிய பகுதியே முழு உடலுக்கும் உழைத்தாக வேண்டும். பத்துப் பேர் பால்மரம் வெட்டும் நிரையில் நான்கு பேர் வராவிட்டால், மற்ற அறுவரும் ஓடியாடி அந்த மரங்களையும் வெட்டி முடிப்பதில்லையா? அதுபோலவே மூளையின் அடித்தண்டு கட்டளையிட, மார்புத் தசைகள் விரைந்து இயங்குகின்றன. இந்த உழைப்பினால் இரத்தத்தில் பிராணவாயுவின் அளவு சில மணி நேரம் வரை குறையாமலும் இருக்கக்கூடும். விரலில் மாட்டிய கருவி 97 என்று காட்டும். நோயாளியோ நிமிடத்திற்கு 28 முறை மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். கருவியை மட்டும் பார்ப்பவர் கவலையின்றி நகர்ந்துவிடுவார். மூச்சை எண்ணும் தாதி அப்போதே மருத்துவரை அழைப்பார்.

இவ்வளவு பயனுள்ள இந்த எண்ணிக்கைதான் பல மருத்துவமனைகளில் சரிவரக் குறிக்கப்படாமல் விடப்படுகிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவ ஏடு ஒன்றில் 2008-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூச்சு வீதத்தை அவர்கள் "புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி" என்றே அழைத்தனர். காய்ச்சலை அளக்க வெப்பமானியும், இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவியும் உள்ளன. மூச்சை எண்ணவோ மனிதரின் பொறுமையும் ஒரு கடிகாரமும் வேண்டும். வேலை மிகுந்த இரவில், எண்ணாமலே 20 என்று எழுதிவிடும் சலனம் எவருக்கும் தோன்றலாம். அந்தச் சலனத்திற்கு இடங்கொடாமல், அதிகாலை மூன்று மணிக்கும் முழு நிமிடம் நின்று எண்ணுகின்ற தாதியருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

எண்ணிப் பார்த்து நோயை அடக்கிய பெருமை இந்தக் கிள்ளான் ஊருக்கு உண்டு. 1901-ஆம் ஆண்டில் இங்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களை வடியச் செய்து மலேரியாக் காய்ச்சலை ஒடுக்கினார். தோட்டத்துப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியவர்கள் எத்தனை பேர் என்று அவர் எண்ணினார். அந்த எண்ணிக்கையே எந்தத் தோட்டத்தில் நோய் மிகுதி என்பதை அவருக்குக் காட்டியது.

கண், காது, கை

எண்ணுவதோடு தாதியின் வேலை முடிந்துவிடுவதில்லை. மூச்சு ஆழமாக இருக்கிறதா, மேலோட்டமாக இருக்கிறதா? மார்பின் இரு பக்கமும் ஒன்றுபோல உயர்கின்றனவா? ஒரு பக்கம் அசையாவிட்டால் அந்த நுரையீரல் சுருங்கியிருக்கலாம். கழுத்துத் தசைகள் புடைக்கின்றனவா? விலா எலும்புகளின் இடையே தோல் உள்ளிழுக்கிறதா? மூக்கின் துளைகள் விரிகின்றனவா? மார்பு உயரும்போது வயிறு உள்ளே போகிறதா? இவை யாவும் மூச்சுத் தசைகள் சோர்வடைவதற்கான அடையாளங்கள்.

அடுத்து நோயாளியோடு பேச்சுக் கொடுக்கிறார். "சாப்பிட்டீர்களா? வீட்டிலிருந்து யார் வந்தார்கள்?" என்று கேட்பது வெறும் உபசாரம் என்று எண்ணிவிடாதீர்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் ஓரளவு நிம்மதி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நிலைமை கடுமையானது. பதிலே குழம்பி வந்தால், மூளைக்குப் பிராணவாயு போதவில்லை என்றோ, உடலில் கரியமில வாயு தேங்குகிறது என்றோ ஐயுற வேண்டும்.

பின்னர்க் காதால் கேட்கிறார். 1816-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லென்னக் என்னும் மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அதுவே ஸ்டெத்தஸ்கோப்பின் தொடக்கம். அதை வைத்துக் கேட்கும்போது சீழ்க்கை போன்ற ஒலி வந்தால் மூச்சுக் குழாய்கள் சுருங்கியுள்ளன என்று பொருள். நீர் கொப்பளிப்பது போன்றோ, முடியை விரல்களுக்கிடையே உரசுவது போன்றோ ஒலி வந்தால் நுரையீரலில் நீரோ சளியோ உண்டு என்று பொருள். ஆஸ்துமா நோயாளியிடம் முன்பு கேட்ட சீழ்க்கை ஒலி திடீரென்று நின்றுவிட்டால், நோய் தணிந்துவிட்டதென்று மகிழ்ந்துவிட முடியாது. ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை என்பதாகவும் அது இருக்கலாம்.

இதே எச்சரிக்கை மூச்சு எண்ணிக்கைக்கும் பொருந்தும். நிமிடத்திற்கு 36 முறை மூச்சு விட்டவர் திடீரென்று 12-க்கு இறங்கிக் கண்மூடிக் கிடந்தால், "அப்பாடா, நன்றாகத் தூங்குகிறார்" என்று உறவினர் நிம்மதியடைவதுண்டு. தாதியோ அவரைத் தட்டி எழுப்பிப் பார்ப்பார். எழும்பினால் உறக்கம், எழும்பாவிட்டால் அது களைப்பின் எல்லை. நாள் முழுவதும் ஓடிய மனிதர் கீழே விழுவது போன்றது அது.

தோட்டத்தில் பாம்பு தீண்டியவரிடம் தாதியர் செய்யும் மற்றொரு சோதனையும் உண்டு. நல்ல பாம்பின் நஞ்சு மூச்சுத் தசைகளை முடக்கவல்லது. நோயாளியை ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணச் சொல்வார்கள். நாம் சிறு வயதில் சடுகுடு ஆடியபோது ஒரே மூச்சில் பாடிக்கொண்டே எதிர்க்கட்சிக்குள் சென்று மீளவில்லையா? அதே தத்துவந்தான். நலமுள்ளவர் நாற்பது, ஐம்பது வரை எண்ணிவிடுவார். முதலில் முப்பது எண்ணியவர் பின்னர் இருபதுக்கும் கீழே இறங்கினால், நஞ்சு தசைகளை எட்டிவிட்டது என்று உணர்ந்து செயற்கை மூச்சுக்கு ஆயத்தம் செய்வார்கள்.

இனிப்பு நீரும் மூச்சும்

நம் சமூகத்தில் இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு நோய் மிகுதி என்பதை நீங்கள் அறிவீர்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் வளர்ந்தவர்களுள் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி. இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்ட சிலருக்கு இரத்தம் புளித்து அமிலமாகிவிடுகிறது. அந்த அமிலத்தைக் கரியமில வாயுவாக வெளியேற்ற, உடல் ஆழமாகவும் விரைவாகவும் மூச்சு விடுகிறது. ஜெர்மானிய மருத்துவர் குஸ்மால் 1874-ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். நுரையீரல் தூய்மையாக இருக்கும். மூச்சில் பழுத்த பழம் போன்ற வாடை வீசும். ஆஸ்துமா என்றெண்ணி வீட்டிலேயே வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து நேரும். இனிப்பு நீர் உள்ளவர் பெருமூச்சாக வாங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கருவியும் கறுத்த மேனியும்

விரலில் மாட்டும் கருவியைக் கோவிட் காலத்தில் நம்மில் பலர் வாங்கினோம். அதன் தத்துவத்தை 1974-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அவோயாகி வகுத்தார். விரலின் வழியே ஒளியைச் செலுத்தி, இரத்தத்தின் நிறத்திலிருந்து பிராணவாயுவின் அளவை அது கணிக்கிறது.

2020-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டனர். இரத்தத்தில் பிராணவாயு உண்மையில் குறைந்திருந்தும் கருவி நல்ல எண்ணையே காட்டிய நிலை, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகுதியாக இருந்தது. மேனியின் கறுமை ஒளியை உறிஞ்சுவதால் கணக்குப் பிசகக்கூடும். நம்மில் பலர் கறுத்த மேனியர் அல்லவா? எனவே கருவியின் எண்ணை வேதவாக்காகக் கொள்ளாமல், மூச்சையும் எண்ணிப் பார்ப்பது நமக்கு மிகவும் தேவை. உடல் நீலம் பாய்வதும் கறுத்த தோலில் எளிதில் தெரியாது. அதனால்தான் தாதியர் நாக்கையும், உதட்டின் உட்புறத்தையும், கீழ் இமையின் உட்புறத்தையும், நகக்கண்ணையும் பார்க்கிறார்கள். நகத்தில் சாயமோ மருதாணியோ இருந்தால் நகக்கண்ணைப் பார்ப்பது கடினமாகும். கருவியும் சில வேளை பிசகக்கூடும் என்பதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

2021-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தை இந்த ஊரார் மறந்திருக்க மாட்டீர்கள். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை கோவிட் நோயாளிகளால் நிரம்பியது; கட்டில்கள் போதவில்லை. ஆகஸ்டு இறுதியில் நாடு முழுவதும் ஒரே நாளில் 24,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டது. சுகாதார அமைச்சு நோயாளிகளை ஐந்து வகையாகப் பிரித்தது. நுரையீரலில் நோய் கண்டவர் மூன்றாம் வகை. பிராணவாயு தேவைப்பட்டவர் நான்காம் வகை. உயிருக்குப் போராடியவர் ஐந்தாம் வகை. ஒருவர் மூன்றிலிருந்து நான்குக்கு மாறிவிட்டாரா என்பதை அறிவதற்கு மூச்சைக் கவனிப்பது இன்றியமையாததாக இருந்தது. பிராணவாயு வெகுவாகக் குறைந்தும், மூச்சுத் திணறல் தெரியாமல் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் கரியமில வாயுவின் தேக்கமே; அது வெளியேறிக்கொண்டிருந்த வரையில் அவர்களுக்குத் துன்பம் தோன்றவில்லை. அத்தகையோரைக் காப்பதற்கு எண்ணிக்கையும் கருவியும் இரண்டும் தேவைப்பட்டன.

இயந்திரத்தின் அருகே

மூச்சு இயந்திரம் பொருத்தப்பட்டவர்களைப் பற்றியும் சில சொற்கள். 1952-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் வந்து குவிந்தனர். இப்சன் என்ற மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, கையால் பையை அழுத்திக் காற்றூட்டும் முறையைக் கொண்டுவந்தார். மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்து அந்தப் பைகளை அழுத்தினார்கள். இன்றைய தீவிர கவனிப்புப் பிரிவுகளுக்கு அதுவே வித்தாயிற்று. இன்று பையை அழுத்தும் வேலையை இயந்திரம் செய்கிறது. உற்று நோக்கும் வேலையை இன்றும் மனிதரே செய்கின்றனர்.

குழாய் பல்லருகே எந்தச் சென்டிமீட்டர்க் குறியில் நிற்கிறது, நோயாளியின் மூச்சும் இயந்திரத்தின் மூச்சும் இசைந்து போகின்றனவா, சளியின் நிறமும் அளவும் மாறினவா என்றெல்லாம் தாதி பார்த்துக் குறிக்கிறார். சளி இறங்காதிருக்கக் கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகைக்குக் குறையாமல் உயர்த்தி வைக்கிறார். இயந்திரத்தை நீக்குமுன் ஒரு கணக்குப் போடுவதுண்டு. மூச்சு எண்ணிக்கையை, ஒரு மூச்சின் அளவு எத்தனை லிட்டரோ அதனால் வகுக்க வேண்டும். ஒருவர் நிமிடத்திற்கு 25 முறை, முறைக்கு அரை லிட்டர் வீதம் மூச்சு விட்டால் விடை 50. அது நல்ல குறி. இன்னொருவர் 40 முறை, கால் லிட்டர் வீதம் விட்டால் விடை 160. 1991-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு 105-ஐ எல்லையாகக் காட்டியது. அதற்கு மேற்பட்டவர் இன்னும் தாமாக மூச்சுவிட ஆயத்தமாகவில்லை என்று கொள்ளலாம்.

நாம் செய்ய வேண்டுவன

பெருமக்களே, இனி நம் பங்குக்கு வருவோம். தாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது அந்த ஒரு நிமிடம் நோயாளியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். உணவூட்டுவதற்காகப் பிராணவாயு முகமூடியை நீங்களாகக் கழற்றாதீர்கள். "பாவம், படுக்கட்டும்" என்று உயர்த்திய கட்டிலைத் தாழ்த்தாதீர்கள். வேண்டுதலுக்காகக் கற்பூரமோ சாம்பிராணியோ கட்டிலருகே ஏற்றவே கூடாது. பிராணவாயு உள்ள இடத்தில் தீ மிக விரைவாகப் பற்றும்.

நோயாளியின் வழக்கமான மூச்சை நன்கறிந்தவர்கள் நீங்கள். நேற்றிருந்ததற்கும் இன்றைக்கும் வேற்றுமை தெரிந்தால் தயங்காமல் தாதியிடம் கூறுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் மலாய் மொழியில் "செசாக் நாபாஸ்" என்றால் மூச்சுத் திணறல். "நாபாஸ் லாஜு" என்றால் மூச்சு வேகம். இவ்விரண்டு சொற்றொடர்களையும் வீட்டிலுள்ள மூத்தவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். தோட்டத்து டிரசரை அண்டியிருந்த அந்தக் காலத்தில் அவருக்கு நம் மொழி பெரும்பாலும் தெரிந்திருந்தது. பெரிய மருத்துவமனையில் நாமாக வாய் திறந்து சொன்னால்தான் தெரியும்.

வீட்டிலும் நீங்கள் எண்ணலாம். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி முழு நிமிடம் எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 60-உம், இரண்டு மாதம் முதல் ஒரு வயது நிரம்பும் வரை 50-உம், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40-உம் எட்டினாலே அது வேக மூச்சாகும். விலாவின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும் காத்திராதீர்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 25-ஐ எட்டினால் உடனே மருத்துவமனையை நாடுங்கள். பேச முடியாமல் திணறினால் 999 எண்ணை அழையுங்கள். 2005-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐக் கடந்து அவசர நிலை அறிவிக்கப்பட்டதை நினைவிற்கொண்டு, புகைமூட்ட நாள்களில் இந்தக் கவனத்தை இரு மடங்காக்க வேண்டுகிறேன்.

செலவில்லாத சோதனை இது. சுவர்க் கடிகாரம் ஒன்று போதும். உங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளோ ஆண்பிள்ளைகளோ தாதியர் பயிற்சிக்குச் செல்ல விரும்பினால், "கட்டில் துடைக்கும் வேலை" என்று தடுக்காமல் அனுப்பி வையுங்கள். நம் மொழியறிந்த ஒருவர் அந்த நள்ளிரவு வார்டில் நின்று எண்ணிக்கொண்டிருப்பது, மூச்சு வாங்கும் ஒரு மூதாட்டிக்கு எத்தகைய ஆறுதல் என்பதை எண்ணிப் பாருங்கள். இன்றிரவு வீட்டிற்குச் சென்றதும், உறங்கும் உங்கள் பிள்ளையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். நலமாயிருக்கும் நாளின் எண் தெரிந்தால்தான் நோயுற்ற நாளின் எண் விளங்கும்.